லம்பார்ட் தெருக் காப்பிக்கடை

வாடிக்கை என்னும் சொல்லுக்குப் பழக்கம், வழக்கம் என்பதே முதற்பொருள். ஒரே கடைக்கு மீண்டும் மீண்டும் செல்லும் பழக்கத்தைக் குறித்த அச்சொல், நாளடைவில் அவ்வாறு செல்பவரையும் குறிக்கலாயிற்று. வாங்குபவர் எல்லாரும் வாடிக்கையாளர் ஆகார் என்பதைக் கல்லாவில் அமர்ந்த எவரும் அறிவர். விலை குறைந்த நாளில் வருபவர், விலை ஏறிய நாளில் வேறிடம் நாடுவர். பக்கத்துக் கடையில் அதே பொருள் அதே விலைக்குக் கிடைத்தபோதும் தெருவைக் கடந்து நம் படியேறுபவர் வேறு வகையினர். அவரை அழைத்து வருவது பொருளா, விலையா, கடைக்காரரின் முகமா, அங்கு வந்து அமரும் பிறரது உறவா என்னும் வினாவுக்குத் தெளிவான விடையளிக்கும் கடைகள் வணிக வரலாற்றில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, லண்டன் மாநகரில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடை. இன்று உலகெங்கும் அறியப்பட்ட லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை அக்கடையிலிருந்து பிறந்தது. வியப்பு என்னவெனில், லாயிட் தம் வாழ்நாளில் காப்பீட்டு வணிகம் செய்தவர் அல்லர். அவர் காப்பி விற்றார், அவ்வளவே.

லண்டனுக்குக் காப்பி வந்த கதையே இவ்வினாவுக்கு ஒரு முன்னுரை போல அமைந்துள்ளது. துருக்கி நாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கில வணிகர், பாஸ்குவா ரோசே என்னும் பணியாளரைத் தம்முடன் லண்டனுக்கு அழைத்து வந்தார். ரோசே காய்ச்சித் தந்த புதுமைப் பானத்தைப் பருகவும், அதனைச் சாக்கிட்டு அமர்ந்து பேசவும் எட்வர்ட்ஸ் இல்லத்தில் நண்பர் கூட்டம் பெருகிற்று. வீட்டில் இடம் போதாமல் போகவே, 1652ஆம் ஆண்டில் கார்ன்ஹில் பகுதியிலுள்ள செயின்ட் மைக்கேல் சந்தில் ரோசே தனியே கடை வைத்தார். அதுவே லண்டனின் முதற் காப்பிக்கடை.

அக்காலக் காப்பி சுவைக்குப் பெயர் பெற்றதன்று. கரியையும் பழஞ்செருப்பையும் கொதிக்க வைத்த சாறு என எள்ளித் துண்டுப் பிரசுரங்கள் வெளிவந்தன. அவ்வெள்ளலுக்குக் காரணமும் இருந்தது. காப்பிக்குரிய வரி தொடக்கத்தில் கொட்டையின் மேல் விதிக்கப்படாமல், காய்ச்சிய நீரின் அளவின் மேல் விதிக்கப்பட்டது. வரி அலுவலர் வந்து அளந்து செல்வதற்காகக் கடைக்காரர்கள் பெரும் அளவில் காய்ச்சிப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, வேண்டும்போது சூடாக்கிக் கொடுத்தனர். ஆறிப் பழகிய அந்நீரை மறுபடி சூடாக்கினால் என்ன மணம் வரும் என்பது, வடிகட்டிய காப்பியின் அருமை அறிந்த நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பானத்தை நாடி ஒரு நகரமே ஐம்பது ஆண்டுகள் திரண்டு வந்தது என்றால், அவர்கள் பெற்றுச் சென்றது கோப்பைக்கு வெளியே இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அது யாது? வாயிலில் ஒரு பென்னி கொடுத்தால் போதும். கணப்பின் அருகே நீண்ட மேசையில் எந்த வெற்றிடத்திலும் அமரலாம். பெருஞ்செல்வர் வந்தாலும் எழுந்து இடம் தர வேண்டுவதில்லை. அன்றைய செய்தித்தாள்கள் மேசையில் கிடக்கும். மையும் இறகுப் பேனாவும் தாளும் கிடைக்கும். கடையையே தம் முகவரியாகக் கொண்டு கடிதம் பெறுவோரும் உண்டு. இவற்றினும் மேலாக, அங்கு மது இல்லை. அதுவரை லண்டன் வணிகர் பேரம் பேசிய இடங்கள் பெரும்பாலும் மதுக்கூடங்களே. பிற்பகலில் செய்த ஒப்பந்தம் மறுநாட் காலையில் ஒருவர் நினைவிலும் சரியாக இராது. காப்பிக்கடையிலோ நேரம் ஆக ஆக அறிவு தெளியும். தெளிந்த தலையோடு பேசுவோர் நடுவில் அமர்வதற்கு ஒரு பென்னி மலிவான விலை. மன்னர் இரண்டாம் சார்லஸ், ஆட்சியைக் குறைகூறும் இடங்கள் என்று இக்கடைகளை 1675 டிசம்பரில் தடை செய்து ஆணையிட்டார். எழுந்த எதிர்ப்பின் வேகத்தில், தடை நடைமுறைக்கு வரவேண்டிய நாளுக்கு முன்பே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. மகளிர் மட்டும் இக்கடைகளின் மேசைகளில் இடம் பெறவில்லை. கல்லாவில் இருந்து கடை நடத்திய மகளிர் பலர் உண்டு.

கடைகள் பெருகியபோது ஒவ்வொரு தொழிலாரும் தமக்கென ஒரு கடையைத் தெரிந்துகொண்டனர். யாரும் விதித்து அமைந்ததன்று இது. பங்குத் தரகர் ஜோனதன் கடையில் கூடினர். பிற்காலத்து லண்டன் பங்குச்சந்தையின் வேர் அங்கே உள்ளது. காராவே கடையில் மென்மயிர்த் தோல்களும் தேயிலையும் ஏலம் போயின. கிழக்கிந்திய வணிகரும் கப்பல் தலைவரும் ஜெருசலேம் காப்பிக்கடையைத் தமதாக்கிக்கொண்டனர். சென்னைக் கோட்டையிலிருந்து துணிப்பொதி ஏற்றிப் புறப்பட்ட கப்பல் எங்குள்ளது என்று அறிய விரும்பியவர் அங்குச் சென்று கேட்பது வழக்கம்.

எட்வர்ட் லாயிட் தம் கடையை முதலில் வைத்த இடம் டவர் தெரு. தேம்ஸ் ஆற்றின் படகுத்துறைகளும் சுங்கச் சாவடியும் அதற்கு அண்மையில் இருந்தன. எனவே அங்கு வந்தவர் பெரும்பாலும் மாலுமிகள், கப்பல் தலைவர்கள், கப்பல் உடைமையாளர்கள். அக்கடையைப் பற்றிக் கிடைக்கும் முதற் சான்று ஒரு திருட்டு விளம்பரம் என்பது சுவையானது. அரசிதழான லண்டன் கெசட்டில், பழைய நாட்காட்டியின்படி 1688 பெப்ரவரியில் வெளிவந்த அவ்விளம்பரம், களவுபோன ஐந்து கைக்கடிகைகளைப் பற்றித் துப்புத் தருவோர்க்கு ஒரு கினி பரிசு எனவும், டவர் தெருவிலுள்ள லாயிட் காப்பிக்கடையில் செய்தி தெரிவிக்கலாம் எனவும் அறிவித்தது. பொருளைப் பறிகொடுத்தவர் டெர்பி என்னும் வெளியூரைச் சேர்ந்தவர். வெளியூரார் ஒருவர் தம் இழப்புக்குத் துப்புக் கேட்க ஒரு கடைக்காரரை நம்பினார் எனில், கடை திறந்து அதிக நாள் ஆகாத நிலையிலும் லாயிட் எத்தகைய நம்பிக்கையைப் பெற்றிருந்தார் என்பது விளங்கும்.

1691இல் லாயிட் தம் கடையை லம்பார்ட் தெருவுக்கு மாற்றினார். அங்குத் தலைமை அஞ்சல் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ராயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகர் மாளிகையும் சில அடி தொலைவுதான். துறைமுகத்திலிருந்து விலகி, கடிதங்கள் வந்து இறங்கும் இடத்துக்கு அருகில் கடையை அமைத்தது தற்செயல் என்று தோன்றவில்லை. தம்மிடம் வருவோர்க்குக் காப்பியைவிடச் செய்தியே இன்றியமையாதது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

புதிய கடையின் உள்ளமைப்பு அவ்வுணர்வுக்கு ஏற்ப அமைந்தது. ஒரு பக்கம் உயர்ந்த மேடை. அதன் மேல் ஏறிக் கடைச் சிறுவன் ஒருவன் கப்பற் செய்திகளை உரக்கப் படிப்பான். எந்தத் துறையில் எது வந்து சேர்ந்தது, எது புயலில் சிக்கியது, எது பகைவர் கையில் பட்டது என்று அவன் படிக்கும்போது, கூடத்தில் இருந்த ஒவ்வொருவரது செல்வமும் ஏறியிறங்கும். பழைய கப்பல்களின் ஏலமும் அங்கேயே நடந்தது. ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றி வைப்பர். சுடர் அணையும் கணத்துக்குமுன் இறுதியாக விலை கூறியவருக்கே கப்பல் சேரும். இத்தகைய ஏலங்களில் தேர்ந்த ஒருவர், அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதைக் கண்டறிந்து, உரிய நேரத்தில் விலை கூறி வென்றதாக சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அது லாயிட் கடை தோன்றுவதற்கு முந்திய செய்தி. ஆயினும் மூச்சடக்கிச் சுடரை நோக்கும் கூட்டத்தின் காட்சி எங்கும் ஒன்றுதான். கடைக்கு வந்தவர், தாம் கப்பல் வாங்காதபோதும், அக்காட்சியை விட்டுப் போக மாட்டார்.

எழுத்தாளர் ஜோசப் அடிசன் 1711இல் ஸ்பெக்டேட்டர் இதழின் 46ஆம் எண் கட்டுரையில் இக்கடையை நகைச்சுவையோடு காட்டியுள்ளார். கட்டுரைக்காகக் குறித்து வைத்த தாள் ஒன்று லாயிட் கடையில் தவறி விழுந்துவிடுகிறது. கடைச் சிறுவன் அதனை எடுத்துக்கொண்டு எவருடையது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறான். உரியவர் வாய் திறக்காமையால், ஏலமேடையில் ஏறிக் கூடத்தார் அனைவர்க்கும் கேட்குமாறு படித்துக் காட்டும்படி அவனுக்குக் கட்டளை பிறக்கிறது. கற்பனை கலந்த சித்திரம் எனினும், இதழின் வாசகர்க்கு லாயிட் கடையின் மேடையும் சிறுவனும் விளக்கம் வேண்டாமலே தெரிந்திருந்தன என்பதற்கு அது சான்று.

1696இல் லாயிட் தாமே ஒரு செய்தித்தாளை அச்சிடத் தொடங்கினார். வாரத்துக்கு மூன்று முறை வெளிவந்த லாயிட்ஸ் நியூஸ் 76 இதழ்களோடு நின்றது. பிரபுக்கள் சபை நடவடிக்கை பற்றிய ஒரு செய்தி பிழையானது எனச் சபையார் சினந்து, திருத்தம் வெளியிடுமாறு பணித்தனர். லாயிட் இதழையே நிறுத்திக்கொண்டார். ஆனால் செய்தி நிற்கவில்லை. கையால் எழுதிய கப்பற் குறிப்புகள் கடைக்குள் தொடர்ந்து கிடைத்தன. அச்சுத்தாள் எங்கும் போகும். எழுதிய குறிப்பைக் காண வேண்டுமாயின் கடைக்கே வர வேண்டும். சபையாரின் சினம் லாயிட்டின் வணிகத்துக்கு நன்மையே செய்தது என்று கூறத் தோன்றுகிறது.

இனி, இக்கடையில் காப்பீடு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நோக்க வேண்டும். சரக்கு அனுப்பும் வணிகர் தரகர் ஒருவரை அணுகுவார். தரகர் ஒரு தாளில் கப்பலின் பெயர், தலைவர், செல்லும் வழி, சரக்கின் மதிப்பு ஆகியவற்றை எழுதிக்கொண்டு மேசை மேசையாகச் செல்வார். அமர்ந்திருக்கும் செல்வர் ஒருவர் தாளைப் படித்து, தாம் ஏற்கும் தொகையைக் குறித்து அதன் அடியில் கையொப்பமிடுவார். அடுத்தவர் அவர் பெயரின்கீழ் தம் பெயரை எழுதுவார். வேண்டிய தொகை நிறைவுறும்வரை பெயர்கள் நீளும். கப்பல் மூழ்கினால் ஒவ்வொருவரும் தாம் எழுதிய தொகைக்குத் தம் உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பாவர். அடியில் எழுதுபவர் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே இன்றும் காப்பீடு ஏற்பவர்க்கு வழங்கி வருகிறது.

இம்முறையில் எல்லாம் ஆளைப் பொறுத்தது. கையொப்பமிட்டவர் ஆறு திங்கள் கழித்துப் பணம் தருவாரா? தாளில் எழுதிய கப்பல் உண்மையில் கடலோடும் நிலையில் உள்ளதா? தரகர் எதையேனும் மறைக்கிறாரா? இவ்வினாக்களுக்கு விடைதரும் அலுவலகமோ பதிவேடோ அன்று இல்லை. ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்து, யார் சொன்ன சொல் தவறாதவர் என்று அறிந்திருந்த பழக்கமே விடை. கப்பலின் குறைபாட்டை மறைத்தவர் மறுநாள் அதே மேசைக்கு வந்தாக வேண்டும். ஏனையோர் முகம் திருப்பிக்கொண்டால், அவர் செல்ல வேறிடம் இல்லை. காப்பீடு கேட்பவர் தாம் அறிந்த இன்றியமையாச் செய்தி எதனையும் மறைக்கலாகாது என்னும் கோட்பாட்டை 1766இல் ஒரு வழக்கின் தீர்ப்பில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு நிலைநாட்டினார். இன்றும் காப்பீட்டுச் சட்டத்தில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. வணிகரையே நடுவராக அமர்த்தி அவர்தம் வழக்கங்களைக் கேட்டறிந்து தீர்ப்புச் சொல்வது அந்நீதிபதியின் முறை. காப்பிக்கடையின் ஒழுக்கம் நீதிமன்றத்தின் படியேறியது என்றால் மிகையாகாது.

1713இல் லாயிட் மறைந்தார். மறைவுக்குச் சற்று முன்னர் அவர்தம் மகள் ஹேண்டி, கடையின் தலைமைப் பணியாளர் வில்லியம் நியூட்டனை மணந்தார். கடை மருமகன் கைக்கு வந்தது. அவரும் மறு ஆண்டே மறைய, ஹேண்டியின் இரண்டாம் கணவர், அவருக்குப்பின் அவருடைய தங்கை, தங்கையின் கணவர் தாமஸ் ஜெம்சன் என உரிமை கைமாறிக்கொண்டே சென்றது. இருபது ஆண்டுகளில் இத்தனை உரிமையாளர் மாறியும் வாடிக்கையாளர் மாறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஜெம்சன் 1734இல் லாயிட்ஸ் லிஸ்ட் என்னும் கப்பற் செய்தித்தாளைத் தொடங்கினார். அது இன்றளவும் அப்பெயரில் தொடர்கிறது. அவரையடுத்துக் கடையை நடத்திய ரிச்சர்ட் பேக்கர், 1740 மார்ச் மாதத்தில் தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலை நேரில் கண்டு, அட்மிரல் வெர்னன் போர்ட்டோபெலோ துறைமுகத்தைக் கைப்பற்றிய செய்தியைத் தெரிவித்தார். அரசுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. செய்தி உண்மையென உறுதியானபின் பேக்கருக்கு நல்ல பரிசு கிடைத்தது. பேரரசின் ஒற்றர்களை ஒரு காப்பிக்கடை முந்தியது!

இதற்கிடையே 1720இல் நாடாளுமன்றம் இரண்டு பெரும் நிறுவனங்களுக்குச் சாசனம் வழங்கியிருந்தது. அவ்விரண்டைத் தவிர வேறெந்தக் கூட்டு நிறுவனமும் கடற்காப்பீடு செய்யலாகாது என்பது சட்டம். தனி மனிதர் தம் பொறுப்பில் செய்வதற்கு மட்டும் தடையில்லை. நிறுவனங்களுக்குப் பெருமுதல் இருந்தது. தனியறை, எழுத்தர், முத்திரை, சாசனம் எல்லாம் இருந்தன. லாயிட் கடையில் மரப்பெட்டி போன்ற தடுப்பிருக்கைகளும் சில மனிதரும் இருந்தனர். எதிர்பார்ப்பு யாதாயினும், வணிகர் கடையைவிட்டு அகலவில்லை. 90 ஆண்டுகள் கழித்து, 1810இல், நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தபோது அவ்விரு நிறுவனங்களும் நாட்டின் கடற்காப்பீட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூடப் பெறவில்லை எனத் தெரியவந்தது. நிறுவனங்கள் ஆபத்தான பயணங்களை ஏற்கத் தயங்கின. கடையிலோ தெரிந்த முகங்களிடம் பேசி உரிய விலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிட முடிந்தது.

ஆயினும் இக்கடையின் வரலாற்றில் மிகப்பெரும் பாடம் அதன் வெற்றியில் இல்லை. 1760களில் லம்பார்ட் தெருக் கடையின் சூழல் கெடத் தொடங்கிற்று. காப்பீட்டுத் தாளின் வடிவத்தைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்துவோர் அங்கே இடம்பிடித்தனர். நோயுற்றுக் கிடக்கும் பெரிய மனிதர் இம்மாதத்துக்குள் இறப்பாரா, சிறையிலிருக்கும் அரசியல்வாதி விடுதலை பெறுவாரா, போர் மூளுமா என்று தொகை எழுதிக் கையொப்பமிட்டனர். தம் உயிர்மேல் எவ்வளவு விலை ஏறியுள்ளது என்பதைச் செய்தித்தாளில் படிக்கும் கொடுமை நோயாளிக்கு நேர்ந்தது. 1765இல் ஜெர்மனியிலிருந்து வந்து உணவும் உறைவிடமுமின்றி லண்டன் புறத்தே வாடிய 800க்கும் மேற்பட்ட அகதிகளுள் ஒரு வாரத்தில் எத்தனை பேர் மடிவர் என்று பந்தயம் கட்டப்பட்டதாகவும் காப்பீட்டு வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். தமக்குச் சற்றும் தொடர்பில்லாத பிறர் உயிரின்மேல் காப்பீடு எழுதுவதை நாடாளுமன்றம் 1774இல் சட்டமியற்றித் தடுத்தது. லாயிட் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் அச்சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை.

அவர்களுடைய இக்கட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சூதாடுவோரும் அவர்களைப் போன்றே காப்பியும் செய்தித்தாளும் வாங்கினர்; கடைக்காரருக்கு வருவாய் குறையவில்லை, கூடியிருக்கவும் கூடும். கணப்பும் மேசையும் மேடையும் பழையபடியே இருந்தன. ஆனால் அருகில் அமர்ந்திருப்பவர் வணிகரா சூதாடியா என்று தெரியாத கூடத்தில் கையொப்பத்துக்கு மதிப்பு இல்லை. லாயிட் கடையில் எழுதப்பட்ட தாள் என்றாலே வெளியார் ஐயுறும் நிலை வந்தால், நேர்மையாளரின் பிழைப்பும் கெடும்.

1769இல் அவர்கள் வெளியேறினர். வெளியேறும்போது தம்முடன் அழைத்துச் சென்றது தாமஸ் ஃபீல்டிங் என்னும் கடைப் பணியாளரை. அண்மையிலுள்ள போப்ஸ் ஹெட் சந்தில் ஃபீல்டிங் புதுக்கடை திறந்தார். அதற்குப் புது லாயிட் காப்பிக்கடை என்று பெயரிட்டனர். லாயிட் குடும்பத்துக்கும் அக்கடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் அப்பெயர் தமக்குரியது என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. பெயருக்குப் பொருள் தந்தவர் அங்கு அமர்ந்தவர்களே எனில், அவர்கள் எழுந்து போகும்போது பெயரும் உடன் போவது முறைதானே! கப்பற் செய்திக்கும் புது லாயிட்ஸ் லிஸ்ட் தொடங்கப்பட்டது. சில காலம் இரு கடைகளும் இரு தாள்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

கட்டடமும் முகவரியும் உரிமையும் பழைய கடையிடம் இருந்தன. புதிய கடையிடம் இருந்தது, காலையில் வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்கவும், எவர்க்கு எந்தக் கப்பலில் அக்கறை என்று நினைவில் வைத்துக்கொள்ளவும் தெரிந்த ஒரு பணியாளர். அவரைச் சூழ்ந்து, ஒருவரையொருவர் நம்பும் ஒரு குழு. லாயிட் காலத்தில் மகளை மணந்ததும் ஒரு பணியாளர், இப்போது கடையைப் பெயர்த்தெடுத்துச் சென்றதும் ஒரு பணியாளர் என்பதை எண்ணும்போது, வாடிக்கையாளருக்கும் கடைக்கும் இடையேயிருந்த உறவு எவர் கை வழியே ஓடிற்று என்பது தெரியும்.

போப்ஸ் ஹெட் சந்துக் கடை மிகக் குறுகியது. மூச்சுமுட்டும் நெருக்கம் தாங்காமல் 1771இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுன் இட்டுப் பொதுநிதி சேர்த்து, தமக்கெனத் தகுந்த இடம் தேடக் குழு அமைத்தனர். அன்று 100 பவுன் என்பது சிறுதொகை அன்று. காப்பிக்கடைகள் நிறைந்த நகரில் வேறொரு கடைக்குப் போய்விடாமல், தம் கைப்பணத்தை இட்டுக் கடையைத் தாமே கட்டிக்கொள்ள முன்வந்த வாடிக்கையாளரை வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காணவியலாது. 1774 மார்ச்சில், ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்னும் தரகரின் முயற்சியால், ராயல் எக்ஸ்சேஞ்ச் மாளிகையின் அறைகளில் அவர்கள் குடிபுகுந்தனர். காப்பிக்கடையாக அதன் வாழ்வு அன்றோடு முடிந்து, சந்தையாக அதன் வாழ்வு தொடங்கிற்று. அங்கும் காப்பி தொடர்ந்து கிடைத்தது.

ஆறே ஆண்டுகளில் கடுமையான சோதனை வந்தது. 1780 ஆகஸ்டில் ஸ்பானியக் கடற்படை, ஆங்கிலேய வணிகக் கப்பற் கூட்டம் ஒன்றை மறித்து 55 கப்பல்களைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 15 இலட்சம் பவுன் இழப்பு. கையொப்பமிட்டோர் பலர் உடைமை இழந்தனர். ஆயினும் சந்தை கலையவில்லை. 1799இல் பொன்னும் வெள்ளியும் ஏற்றிச் சென்ற லூட்டின் என்னும் போர்க்கப்பல் ஹாலந்துக் கரையருகே மூழ்கியபோதும் லாயிட்ஸ் இழப்பீட்டை முழுமையாகக் கொடுத்துத் தீர்த்தது. அக்கப்பலிலிருந்து 1858இல் மீட்கப்பட்ட மணி, பிற்காலத்தில் கப்பல் இழப்புச் செய்தி வரும்போது ஒரு முறையும், காணாமற்போன கப்பல் திரும்பிய செய்திக்கு இரு முறையும் அடிக்கப்பட்டு வந்தது.

இக்கூடத்தின் பெருமையைப் பேசும்போது அதன் மற்றொரு பக்கத்தை மறைத்தல் தகாது. ஒருவரோடொருவர் சொல் தவறாத இதே மனிதர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் கையொப்பமிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வணிகம் லண்டன் கடற்காப்பீட்டின் பெரும் பகுதிகளுள் ஒன்று. கப்பல் நல்ல நிலையில் உள்ளதா, தலைவர் திறமையானவரா, வழியில் பகைவர் உண்டா எனத் துருவித் துருவிக் கேட்ட மேசையில், சரக்கு என எழுதப்பட்டது மனித உயிர் என்பது தடையாகத் தோன்றவில்லை. லண்டனின் காப்பிக்கடைகளை முகவரியாகக் குறித்து, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு விளம்பரங்களும் வெளிவந்தன. களவுபோன கடிகைக்கும் ஓடிப்போன மனிதனுக்கும் ஒரேவகை விளம்பரம். மேசையில் ஊற்றிய காப்பியும் அதில் கலந்த சர்க்கரையும் பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவையே. நோயாளியின் உயிர்மேல் சூதாடியதைப் பொறாமல் வெளியேறியவர்கள், இதனைப் பொறுத்துக்கொண்டனர். தங்கள் கூடத்தின் நன்மதிப்பைக் கெடுத்த தீமையே அவர்களுக்குத் தீமையாகப் பட்டது. கூடத்துக்கு வெளியே, கடலுக்கப்பால் நிகழ்ந்தது அவர்தம் கணக்கில் வரவில்லை. லாயிட்ஸ் நிறுவனம் இதற்காக 2020 ஜூனில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது.

சந்தை பின்னர் பலமுறை இடம் மாறியது. 1838 ஜனவரியில் ராயல் எக்ஸ்சேஞ்ச் எரிந்தபோது வெளியேறி, மாளிகை மீண்டும் எழுந்தபின் திரும்பி வந்தது. 1986 முதல் லைம் தெருவில் எஃகும் கண்ணாடியுமாக, குழாய்களும் மின்தூக்கிகளும் வெளிச்சுவரில் தெரியுமாறு ரிச்சர்ட் ராஜர்ஸ் வடிவமைத்த கட்டடத்தில் இயங்குகிறது. காப்பிக்கடையின் சாயல் சிறிதும் இல்லாத அக்கட்டடத்தினுள்ளும், காப்பீடு ஏற்போர் அமரும் இருக்கைகளுக்குப் பெட்டி என்றே பெயர். தரகர் இன்றும் பெட்டி பெட்டியாகச் செல்கிறார். வாயிலில் நீண்ட மேலங்கி அணிந்து நிற்கும் பணியாளர்களுக்குக் காப்பி பரிமாறும் வேலை இல்லை. ஆயினும் அவர்கள் வெயிட்டர் என்றே அழைக்கப்படுகின்றனர்.

லம்பார்ட் தெருவில் பழைய கடை இருந்த இடத்தில் ஒரு நீலப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. லாயிட் காப்பிக்கடை 1691 முதல் 1785 வரை அங்கு இருந்ததாக அது கூறுகிறது. வாடிக்கையாளர் எழுந்து சென்ற 1769ஆம் ஆண்டுக்குப் பின்னும் பதினாறு ஆண்டுகள் அக்கடை திறந்தே இருந்தது.